செவ்வாய்க்கிழமைச் சாம்பிராணி

மனைவி நேசம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கையில்தான் வினாயகமூர்த்தியிடம் அந்தக் கேள்வி வந்தது. கேட்டது வேறு யாருமில்லை, அவருடைய தங்கச்சி சின்னத்தங்கம். அதுவும் போனில், பெரியகல்லாற்றில் பஸ்ஸுக்கு நின்றபடி, கத்தரிக்காய் விலை விசாரிப்பதுபோல விசாரித்தாள்.

"அண்ணன், மச்சாளுக்கு என்ன சாப்பாடு விருப்பம்? படையலுக்கு ஓடர் குடுக்கோணும். கேட்டரிங்காரன் இண்டைக்குள்ள லிஸ்ட் கேக்கிறான்."

"இதென்ன பெரிய விசயம், எழுது" என்று வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு நின்றுவிட்டார்.

"அண்ணன்? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. பின்னேரம் எடுக்கிறன்."

படையல் என்றால் சும்மா பத்துக் கறி வைத்துக் கும்பிடுகிற காரியமில்லை. காலையில் ஐயர் வந்து செய்துவிட்டுப் போகிற கிரியை வேறு. பின்னேரம் வீட்டார் வைப்பதுதான் படையல். செத்தவர் இருந்த காலத்தில் எதை ஆசையாகத் தின்றாரோ அதை, மீனோ இறைச்சியோ சாராயமோ எதுவானாலும், படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைத் தட்டித் திறந்தால், பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. ஆசைப்பட்ட சாமான் இலையில் இல்லாவிட்டால் வந்தவர் பசியோடு திரும்பிவிடுவார் என்பார்கள்.

வினாயகமூர்த்தி இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவரில்லை. ஆனால் நேசம்மா நம்பினாள். மாமனாரின் திவசத்துக்கு நல்ல விரால் மீன் வேண்டும் என்று வருசா வருசம் விடியமுன்னம் சந்தைக்கு ஓடியவள் அவள். அப்படிப்பட்டவளை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? ஐயோ, அந்தப் பாவம் வேண்டாம்.

மனிசன் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் அல்லவா, உடனே ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். 'நேசம்மா: விருப்பமான உணவு' என்று தலைப்புப் போட்டார். அடியில் ரூலர் வைத்துக் கோடும் கீறினார். கோட்டுக்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை.

எருமைத் தயிர் என்று எழுதினார். அது தனக்கு விருப்பமானது என்று நினைவு வந்து வெட்டினார். இறால் பொரியல் என்று எழுதினார். அது மகளுக்கு. வெட்டினார். முருங்கைக்காய்க் குழம்பு? அதுவும் தனக்குத்தான். அவள் வைக்கிற குழம்பைப் பற்றி இவர் ஊரெல்லாம் புகழ்ந்திருக்கிறார். அவள் அதைத் தின்று இவர் கண்டிருக்கிறாரா என்றால் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு அவள் சாப்பிடுகிற காட்சியை நினைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வருசத்தில் ஒரு காட்சியாவது கிடைக்க வேண்டாமா? கிடைத்ததெல்லாம் அவளுடைய முதுகு. இவர் சாப்பிட்டுக் கைகழுவி, பேப்பரை விரித்த பிறகு, குசினிக்குள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி அவசரமாக எதையோ வாயில் போடுகிற முதுகு. கோப்பையில் என்ன இருந்தது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மகள் பிரஷாந்திக்குக் கனடாவில் விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து அழைத்தார். அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரையில் வந்தாள்.

"அம்மாக்கு என்ன விருப்பம் மகள்?"

"புட்டும் இறாலும்தானே அப்பா."

"அது உனக்கு விருப்பம்."

"அப்ப... தயிரும் கித்துள் பாணியும்?"

"அது எனக்கு."

பிரஷாந்தி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கும் தெரியாது அப்பா. ஒருநாளும் கேக்கேல்ல."

போனை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். நாவற்குடாவில் அந்த ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழு வீட்டுக்குப் பூட்டு. ஒன்றின் ஆட்கள் சுவிஸில், ஒன்றின் ஆட்கள் லண்டனில், மற்றவர்கள் எங்கெங்கோ. இரண்டு கேமராவும் ஒரு நாயும் காவல் இருக்கின்றன. முன்பெல்லாம் எந்த வீட்டுக் கறிச்சட்டியில் என்ன கொதிக்கிறதென்று ஒழுங்கைக்கே தெரியும். இப்போது அவரவருக்குப் பார்சல் வருகிறது, மோட்டார் சைக்கிளில். நேசம்மாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்க அக்கம்பக்கத்தில் ஒரு நாதியில்லை.

அப்போதுதான் நபீஸாவின் நினைவு வந்தது. காத்தான்குடியிலிருந்து சாரமும் சீலையும் மூட்டை கட்டிக்கொண்டு கிழமைக்கு ஒருநாள் வருகிற மனிசி. நேசம்மாவின் ஒரே கூட்டாளி. செத்த வீட்டுக்கு வந்து மூலையில் இருந்து அழுதவள், பிறகு வரவில்லை.

கேட்டரிங்காரனுக்கு வழக்கமான கறிகளையே சொல்லும்படி தங்கச்சிக்கு அறிவித்துவிட்டு, மறுநாள் காலையில் காத்தான்குடிக்குச் சைக்கிளை மிதித்தார். நபீஸாவின் வீட்டு முன்னறையில் மகள் றுமானா போனை ஒரு கம்பியில் மாட்டிவைத்து, சீலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, யாருமில்லாத அறையில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். நபீஸா முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டு உள்ளே இருந்தாள்.

"வாங்க வாங்க. என்ன இந்த வெயிலுக்குள்ள? இப்ப நான் எங்கயும் போறல்ல. முழங்காலும் ஏலா. ஊடு ஊடாத் திரியிற காலமும் போயிட்டு. மகள் போன்லயே எல்லாத்தையும் வித்துப் போடுறா."

வினாயகமூர்த்தி சுற்றி வளைக்காமல் கேட்டார். "நேசம்மாக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? கூனி."

"என்னது?"

"கூனி. வறுத்த கூனி எண்டா அவக்கு உசிரு."

வாவியில் அள்ளி வெயிலில் காயவைக்கிற பொடி இறால் அது. நகத்தளவும் வராது, நாற்றம் மட்டும் நாலு வீட்டுக்குப் போகும். வினாயகமூர்த்தி தலையை ஆட்டினார். "இல்லையே. எங்கட வீட்டில கூனி சமைச்சதே இல்லை."

நபீஸா சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள்.

"அண்ணே, அவ மவுத்தாகி ஒரு வருசமாகிட்டு. இனிச் சொன்னா என்ன? ஒங்களுக்குத் தெரியாமத்தான் சமைச்சது. கலியாணம் முடிச்ச புதுசுல ஆசையா வறுத்து ஒங்களுக்கு வெச்சாவாம். நீங்க கோப்பையத் தள்ளிப் போட்டு, 'என்ன நாத்தம் இது, நான் கந்தோருக்குப் போறதா மீன்வாடிக்குப் போறதா, இனி இந்த வீட்டில இது மணக்கக் கூடாது' எண்டு ஏசினீங்களாம்."

"நானா?"

"நீங்கதான்."

அவருக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. இவர் சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டார், அவள் முப்பத்தெட்டு வருசம் அதைக் கட்டிக் காத்திருக்கிறாள். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அந்த வீடு நேசம்மாவின் தகப்பன் தோணி தள்ளிச் சேர்த்த காசில் அவளுக்குக் கட்டிக் கொடுத்த சீதன வீடு. இருந்தது அவளுடைய வீட்டில், சட்டம் போட்டது இவர்!

"நான் செவ்வாக்கிழமை வருவன்," நபீஸா சொல்லிக்கொண்டு போனாள். "நீங்க கந்தோருக்கு, மகள் பள்ளிக்கு. கூனிய வறுத்து, பழஞ்சோத்துல போட்டு, குசினி வாசல்ல குந்தி இருந்து ரெண்டு பேரும் திம்பம். அப்பிடிச் சிரிப்பா அவ, அந்தச் சிரிப்ப நீங்க பாத்திருக்கணும். மறுகா ஜன்னலெல்லாம் தொறந்து, வறுத்த தாச்சிய ரெண்டு தரம் தேச்சி, ஊடு முழுக்கச் சாம்பிராணி புடிப்பா. நீங்க வரக்குள்ள ஒரு மணமும் இரிக்காது."

செவ்வாய்க்கிழமைச் சாம்பிராணி!  அதைப் பற்றி வினாயகமூர்த்தி கந்தோரில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறார்! 'எங்கட மனிசி செவ்வாய் தவறாம அம்மனுக்குச் சாம்பிராணி போடுவா, வீட்டுக்குள்ள கால் வைச்சா கோயில்தான்' என்று. அந்தப் புகைக்குள் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுங்கூட இருக்கிறார்.

"நான் பென்சன் எடுத்த பிறகு?" என்று கேட்டார்.

"மறுகா எங்க? நீங்கதான் ஊட்டோட இரிக்கிங்களே. ஏழு வருசமா அவ வாயில வெக்கல்ல. எங்கட ஊட்டுக்கு வா கா, இங்க இருந்து திம்பம் எண்டு கூப்பிட்டன். 'அவர் தானாப் போட்டுத் தின்னமாட்டார் கா, நான் நிண்டு குடுக்கோணும்' எண்டுட்டா."

அந்த ஏழு வருசத்தில் ஒருநாள் இவர் சொன்னது நன்றாக நினைவுக்கு வந்தது. ஏசினது மறந்துபோனது, இது மட்டும் மறக்கவில்லை. 'இப்பெல்லாம் செவ்வாய்க்கிழமை சாம்பிராணி போடுறதில்ல. வயசு போகப் போக உனக்குப் பக்தி குறைஞ்சு போச்சு' என்றார். நேசம்மா காய் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. 'ஓம், குறைஞ்சுதான் போச்சு' என்றாள். அவ்வளவுதான்.

நபீஸா நொண்டி நொண்டிப் போய் ஒரு ஜாம் போத்தல் நிறையக் கூனி கொண்டுவந்து கொடுத்தாள். "மண் இரிக்கும். நல்லாக் களைஞ்சு போடுங்க. வெங்காயமும் செத்தல் மிளகாயும் காணும். இறக்கக்குள்ள தேசிக்காய் விடுங்க." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கும் அவ போனாப் பொறகு கூனி எறங்குதில்ல அண்ணே."

திவசத்தன்று ஐயர் போன கையோடு வினாயகமூர்த்தி குசினிக்குள் புகுந்தார். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தாச்சியைத் தொடுகிறார். முதலில் போட்டது ஒரு நொடியில் கருகிப்போனது. இரண்டாவதை எடுத்து வாயில் போட்டால் நறநறவென்று மண். மூன்றாவதை ஆறு தரம் தண்ணீரில் களைந்து, நெருப்பைக் குறைத்து, பக்கத்தில் நின்று கிண்டினார். போத்தல் காலி. இலையில் வைக்க ஒரு கைப்பிடி மிஞ்சியது.

கேட்டரிங் சாப்பாட்டோடு வந்து இறங்கிய சின்னத்தங்கம் வாசலிலேயே சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். "சீ! என்ன அண்ணன் இந்த நாத்தம்?"

வினாயகமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தை இத்தனை வருசம் சுற்றி இன்றைக்குத்தான் தன் காதில் விழுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"மச்சாளுக்கு விருப்பமான சாப்பாடு," என்றார்.

"கூனியா? மச்சாள் இதைத் தின்னமாட்டாவே! நான் ஒருநாளும் காணேல்ல."

"நானும் காணேல்ல."

படையல் ஆயத்தமானது. கேட்டரிங் தட்டுகளைச் சுற்றிலும் வைத்து, நடு இலையில் பழஞ்சோறும் அந்தக் கைப்பிடிக் கூனியும் வைத்தார். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். நேசம்மா படத்தில் எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பிரஷாந்தி போனுக்குள்ளிருந்து கும்பிட்டாள். வந்தது மொத்தம் எட்டுப் பேர். அதிலும் இரண்டு பேருக்குப் பஸ் அவசரம்.

சின்னத்தங்கம் தணல் போட்ட சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். வினாயகமூர்த்தி கையை நீட்டி மறித்தார்.

"வேணாம்."

"சாம்பிராணி இல்லாமப் படையலா? உங்களுக்கென்ன விசரா?"

"இண்டைக்கு வேணாம் எண்டா வேணாம். அதை வெளியில கொண்டுபோய் வை. ஜன்னலையும் திறக்காத. வீடு மணக்கட்டும்."

எல்லாரையும் வெளியே அனுப்பி, தானும் வந்து, கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு முன்னால் கைகட்டி நின்றார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. வந்தவர்கள் போனைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். கதவுக்குக் கீழால் கூனியின் மணம் மெல்ல வந்தது.

கால்மணி நேரத்துக்குமேல் சின்னத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "காணும் அண்ணன், கதவைத் தட்டுங்க. சனம் பசியோட நிக்குது. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"நிண்டா என்ன? அவ எத்தினை வருசம் நிண்டவள்," என்றார் வினாயகமூர்த்தி. கண்ணால் வழிந்ததைத் துடைக்கவுமில்லை. "ஒருத்தரும் தட்டவேணாம். ஆறுதலா இருந்து திண்டு முடிக்கட்டும்."