வெண்கலத்தின் குரல் காணாமல் போன காலை

பழ மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். வாயைத் திறந்தால் போதும், மார்க்கெட்டின் அந்தக் கோடியில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்பான். மைக் எல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. யாரோ விளையாட்டாக ‘வெண்கலம்’ என்று பேர் வைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் என்றாகிவிட்டது. அவர் மனைவிக்கும் மண்டியில் ‘வெண்கலம் வீட்டம்மா’ என்றுதான் பேர்.

அந்த வெண்கலத்துக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டம்மாவுக்கு உலகமே சுற்றியது. அவரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, “சரி விடு, இத்தனை வருஷம் கத்தினது போதாதா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

அப்போதுதான் அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலை நிறையப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், கம்ப்யூட்டர் அதைப் பழகிக்கொள்ளுமாம். பிறகு அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் அது அவர் குரலிலேயே பேசுமாம். வெண்கலம் மைக் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களை எல்லாம் தொண்டை வலிக்க வலிக்கப் படித்தார். நடுநடுவே, கொடுக்காத வாக்கியங்களையும் சேர்த்துக்கொண்டார். பெரும்பாலும் திட்டுகள். “இதெல்லாம் இல்லாம நான் எப்படிம்மா பேசறது?” என்று கேட்டார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே பதிவு செய்தாள். அன்றிலிருந்து அவள் இந்த வீட்டுக்குப் பேச்சு டீச்சர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கூடத்து மேசையில் இருந்த கம்ப்யூட்டர் அவருக்கு வாயானது. கொஞ்சம் நிதானமாகப் பேசும், மூச்சு வாங்காமல் பேசும். மற்றபடி அவரேதான். அடுப்படியில் நிற்கும்போது கூடத்திலிருந்து “டீ ஆச்சா?” என்று அந்தக் குரல் வந்தால், வீட்டம்மாவுக்கு ஒரு நொடி எல்லாமே பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கேட்கும் குரல் வரவில்லை. அதற்குப் பதில் காதைப் பிளக்கிற மாதிரி சைரன் அலறியது.

கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று எழுத்துகள் விட்டு விட்டு மின்னின. வெண்கலம் நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்த எந்தப் பொத்தானையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அசையவில்லை. அவளைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

சைரன் கேட்டு மாடியிலிருந்து கொழுந்தன் இறங்கி வந்தான். வேன் ஓட்டுகிறவன். எதில் கோளாறு என்றாலும் முதலில் கையை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் என்ன ஏது என்று கேட்கிற ஆள். நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் சரிசெய்த மின்விசிறி இன்றைக்கும் ஒரு பக்கமாகத்தான் காற்று வீசுகிறது.

“அண்ணி, பயப்படாதீங்க. நம்பர் போட்டிருக்கான் பாருங்க. கூப்பிட்டா அவனே சரி பண்ணிடுவான்” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து எண்ணை அடித்து, ஸ்பீக்கரில் போட்டான்.

மறுமுனையில் ஓர் ஆள். வெண்ணெய் மாதிரி பேசினான், ஆனால் மூச்சுவிடாமல் பேசினான். “சார், நல்ல வேளை கூப்பிட்டீங்க. உங்க ஃபைலெல்லாம் இப்பவே அழிஞ்சுக்கிட்டிருக்கு. நான் சொல்ற புரோகிராமை இறக்குங்க, நான் இங்கிருந்தே உள்ளே வந்து பார்த்துக்கறேன். சீக்கிரம் சார், இப்பவே செய்யணும். லேட் பண்ணினா என்னாலயும் முடியாது.”

ஃபைல் என்றால் வீட்டம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான். அவர் குரல். “சொல்றதைச் செஞ்சிடுங்க தம்பி” என்றாள். கொழுந்தன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

படார் என்று மேசையில் ஓர் அறை விழுந்தது. வெண்கலம்தான். எழுதி அழிக்கிற சின்னப் பலகையை எடுத்துக் கிறுக்கெழுத்தில் என்னவோ எழுதி, தம்பி மூக்குக்கு நேராக நீட்டினார்.

‘இவன் ஏலம் விடறான். யோசிக்க விடாம விரட்டறான். நான் இதைத்தானே தினமும் செஞ்சேன். போனை வை.’

“அண்ணா, அவன் கம்பெனி ஆளு...”

வெண்கலம் ‘வை’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அழுத்திய அழுத்தில் பேனா முனை நசுங்கியது. வீட்டம்மாவுக்குச் சட்டென்று தெளிந்தது. கணவர் மண்டியில் எப்படி ‘இப்ப விட்டா போச்சு, இப்ப விட்டா போச்சு’ என்று கூவுவார் என்று அவளுக்குத் தெரியாதா? கொழுந்தன் கையிலிருந்து போனைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தாள். திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

போனை ஓரமாக வைத்துவிட்டு, தன் போனிலிருந்து பேச்சு டீச்சரைக் கூப்பிட்டாள். விடுமுறை நாளில் தொந்தரவு செய்கிறோமே என்று தயக்கம்தான். ஆனால் அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள்.

“அக்கா, அந்த ஆளை உள்ளே விடலையே? நீங்க எதையும் இறக்கலையே?”

“இல்லம்மா. இவர் விடல.”

“அப்பாடா. முதல்ல இன்டர்நெட் வயரை உருவிடுங்க.”

உருவினாள். டீச்சர் சொல்லச் சொல்ல மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த பிரௌசரை நிறுத்தினாள். சைரன் நின்றது. சிவப்பும் போய், வழக்கமான நீலத் திரை வந்தது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது.

“அது வெறும் இணையப் பக்கம்க்கா. பயமுறுத்தி போன் பண்ண வைக்கிற வேலை. வைரஸே இருக்கணும்னு அவசியமில்லை. இப்ப அண்ணனைப் பேசிப் பார்க்கச் சொல்லுங்க.”

வெண்கலம் திரையில் தன் குரல் புரோகிராமின் படத்தைத் தட்டினார். ‘புரோகிராம் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதுவே. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“அது போயிடுச்சும்மா” என்றாள் வீட்டம்மா.

“நகல் ஒண்ணு பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தேனே?”

வீட்டம்மா மேசை டிராயரை இழுத்தாள். இல்லை. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணி... அதை நான்தான் எடுத்தேன். காலியா இருக்குன்னு நினைச்சு வேனுக்குப் பாட்டு ஏத்திட்டேன்.”

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. அன்றைக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“தம்பி, நேத்து இந்தக் கம்ப்யூட்டர்ல வேற ஏதாவது பண்ணினீங்களா? மறைக்காம சொல்லுங்க” என்றது போனிலிருந்து டீச்சரின் குரல்.

பண்ணியிருந்தான். மெதுவாக ஓடுகிறதே, அண்ணன் ஒரு வார்த்தை பேச எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மனசு கேட்காமல், இலவசமாகக் கிடைத்த இன்னொரு ஆன்டிவைரஸை ஏற்றியிருந்தான். அதைத் தேடிப் போன இடத்தில், ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா’ என்று ஏதோ ஒரு பக்கம் கேட்க, அதற்கும் சரி என்று தட்டியிருந்தான்.

“எது கேட்டாலும் சரி சொல்லிடுவீங்களா?” என்றாள் டீச்சர் ஸ்பீக்கரில்.

“மரியாதையா கேட்டுச்சு மேடம்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா கேளுங்க. அந்த அறிவிப்பு வழியாத்தான் சிவப்புப் பக்கம் வந்திருக்கு. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆன்டிவைரஸ் காவலுக்கு நின்னா, ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டே நிக்கும். வேலை இன்னும் மெதுவாகும். அதோட, சந்தேகப்பட்ட ஃபைலை அது பெரும்பாலும் உடனே அழிக்காது, தனியா பூட்டி வைக்கும். அண்ணனோட குரல் அங்கே இருக்க வாய்ப்பிருக்கு. பழசைத் திறந்து பாருங்க.”

பழைய ஆன்டிவைரஸின் பூட்டறையைத் திறந்தார்கள். காலி.

அதற்குள் டீச்சரைப் பார்க்க ஒரு நோயாளி வந்துவிட்டார். “இதோ கூப்பிடறேன்க்கா. அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க” என்று வைத்துவிட்டாள்.

கொழுந்தனால் சும்மா இருக்க முடியுமா? குற்ற உணர்ச்சி அவனைப் பிடுங்கித் தின்றது. “ரெண்டு இருக்கறதுதானே தொல்லை. நான் ஏத்தினதை நானே எடுத்துடறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தான். வீட்டம்மா கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை. திரையில் ஒரு பெட்டி எழுந்தது. கொழுந்தனின் விரல் பழக்கதோஷத்தில் ‘சரி’யை நோக்கிப் போனது.

“தம்பி! கையை எடுங்க.”

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் இருந்ததை ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். “இந்தப் புரோகிராமை நீக்கினால்... பூட்டி வைக்கப்பட்ட கோப்புகளும்... நிரந்தரமாக அழிக்கப்படும். தொடரலாமா?”

கொழுந்தன் மௌஸை, சூடான பாத்திரத்தை விடுகிற மாதிரி விட்டான். அவள் ‘வேண்டாம்’ என்பதைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் மூச்சே வந்தது. அவனை மாடிப்படியில் போய் உட்காரச் சொன்னாள். அவனும் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தான்.

டீச்சர் மறுபடி கூப்பிட்டதும் புதிய ஆன்டிவைரஸின் பூட்டறையைத் திறந்தார்கள். அங்கே இருந்தது. குரல் புரோகிராம் ஒரு வரி, அவர் குரலைச் சுமக்கிற பெரிய கோப்பு ஒரு வரி. பக்கத்தில், ‘விசைப்பலகையை உளவு பார்க்கிறது’ என்று ஒரு குற்றச்சாட்டு.

“உளவா?” என்றாள் வீட்டம்மா.

“தப்பா புரிஞ்சுக்கிச்சுக்கா. அண்ணன் தட்டறதை எல்லாம் கவனிச்சாத்தானே அது பேச முடியும்? திருட்டுப் புரோகிராமும் அப்படித்தான் கவனிக்கும். இது ரொம்பப் பேர்கிட்ட இல்லாத புரோகிராம், அதனால அதுக்கு ஆள் தெரியல. எதுக்கும் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க, நான் போட்டதுதானான்னு பார்த்துக்கறேன்.”

எழுத்துக்கூட்டிச் சொன்னாள். சரியாக இருந்தது. திருப்பி எடுக்கச் சொல்லித் தட்டி, இனி இதைப் பிடிக்காதே என்று குறித்தும் வைத்தார்கள். இரண்டு கோப்புகளும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதிய ஆன்டிவைரஸை நீக்கினார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பழைய ஆன்டிவைரஸை வைத்து எல்லாவற்றையும் சலித்துப் பார்க்கச் சொன்னாள் டீச்சர். அது முடிகிற வரை வெண்கலம் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். வீட்டம்மா ஊற்றி வைத்த டீ ஆறிப்போனது. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. ஒன்றும் இல்லை. எதுவும் புகவில்லை. கொழுந்தன் அனுமதித்த அறிவிப்பையும் தேடிப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

“இப்ப பேசச் சொல்லுங்கக்கா.”

வெண்கலம் உட்கார்ந்தார். படத்தைத் தட்டினார். அது திறக்க நேரம் எடுத்தது. அவர் விரல்கள் மெதுவாகத் தட்டின.

“டேய்” என்றது கம்ப்யூட்டர்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவன் துள்ளி எழுந்தான்.

“பாட்டை அழிச்சிட்டு அந்தப் பென் டிரைவைக் கொண்டா. இன்னொண்ணும் புதுசா வாங்கிட்டு வா. இனிமே என் மேசை பக்கம் வந்தே, உன்னை நான் ஏலத்துல விட்டுடுவேன்.”

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “எவ்வளவுக்குண்ணா போவேன்?”

“எவனும் கேக்க மாட்டான்.”

போனுக்குள் டீச்சர் கைதட்டுவது கேட்டது. வீட்டம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைக்கு மேலே அந்தக் குரல், “அழாதே. எழுந்திரு. நான் இங்கதானே இருக்கேன்” என்றது. அவர் நாற்காலியிலிருந்து குனிந்து அவள் உச்சந்தலையில் கை வைத்தார்.

அன்று சாயங்காலம் மண்டி நண்பர் ஒருவர் போன் செய்தார். நகல்கள் இரண்டும் அதற்குள் எடுத்தாகிவிட்டது. ஒன்று பீரோவில், ஒன்று டீச்சரிடம் கொடுப்பதற்காக வீட்டம்மாவின் கைப்பையில். வெண்கலம் ஸ்பீக்கரை முழு அளவுக்கு வைத்துக்கொண்டு காலைக் கதையை ஆரம்பித்தார். சைரன் இரண்டு மடங்காகிவிட்டது. போனில் பேசியவன் கொள்ளைக் கூட்டத் தலைவன் ஆகிவிட்டான். தம்பி மயங்கி விழுந்ததாகவும் ஒரு இடம் வந்தது.

வீட்டம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குது.”

அவர் திரும்பாமலே ஒரே ஒரு வார்த்தையைத் தட்டினார்.

“கேக்கட்டும்” என்றது வெண்கலம்.