உள்ளூர்க்காரருக்கு ஓர் அறை

ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்த சுகன்யா தலையை நிமிர்த்தினாள். ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்த அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண்.

"ஏனுங்க பாய், ஊடு இங்கெ ஃபேர்லேண்ட்ஸ்லயே இருக்குதுங்களே?"

"ஆமாம்மா. பெயிண்ட் அடிக்கிறாங்க. அந்த வாசம் எனக்கு ஒத்துக்காது" என்றார் பரக்கத் அலி. பொய் அவர் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

"அதும் சரிதானுங்க. மாடியில தெருப் பக்கத்து ரூம் தாரேன். காத்து நல்லா வரும்."

பயனியர் ஹோட்டல் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு நடுவே நின்றது. மரப்படிகள், ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும் கதவுகள், நீளக் கம்பியில் தொங்கும் ஃபேன். லீபஜாரில் மிளகாய் மண்டி வைத்திருந்த காலமெல்லாம் அவர் அதன் வாசலைக் கடந்துதான் போவார். சரக்கு எடுக்க வரும் வெளியூர் வியாபாரிகளை வாசல்வரை கொண்டுவந்து விட்டதும் உண்டு. உள்ளே தங்குவதற்கு உள்ளூர்க்காரருக்கு என்ன தேவை?

மண்டி இப்போது தம்பி மகன் அப்ரார் கையில். மகள் அஸ்பியாவுக்குச் சிங்கப்பூரில் பிரசவம் என்று மனைவி மஸ்தான் பீவி போயிருந்தாள். போகும்போது குழம்புகளை டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போனாள். அவை தீர்ந்த பிறகு வீட்டில் அவள் கைபட்டது என்று எதுவும் மிச்சமில்லை. அவர் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. மறுநாளும் அங்கேயே இருந்தது. ஒருநாள் பள்ளிவாசலில் ஒருவருக்கு ஸலாம் சொல்ல வாயெடுத்தபோது குரல் கரகரத்து உடைந்தது. முந்தின நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று மதியமே நாலு சட்டையையும் லுங்கியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஹோட்டலில் பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். வராந்தாவில் சங்ககிரி லாரி ஆபீஸ்காரர் ஒருவர் போனில் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே பரக்கத் அலி நன்றாகத் தூங்கினார். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் தமிழரசு, "சட்னி இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று குனிந்து கேட்பார். சட்னி வேண்டியிருக்காது. ஒரு மனிதர் கேட்கிறாரே என்று தலையாட்டுவார்.

சாயங்காலம்தான் சிக்கல். மஃரிப் தொழுகை முடியும் நேரம் மஸ்தான் பீவி வீடியோவில் வருவாள். அதற்காகத் தினமும் டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். ஹால் விளக்கைப் போட்டு, தலையை வாரி, சோபாவில் உட்கார்ந்து காத்திருப்பார். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மாதுளைச் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா" என்று அவள் கேட்பாள். ஆச்சு, ஆச்சு என்பார். பேசி முடித்ததும் செடிக்குத் தண்ணீர் விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்புவார்.

ஒருநாள் பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. நாலு ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். பஸ் இல்லை, ஆட்டோக்காரர்கள் கையை விரித்தார்கள். நனைந்து அறைக்குத் திரும்பியவர் துவட்டிக்கொள்வதற்குள் போன் அடித்தது. எடுக்காமல் விட்டால் பயந்துவிடுவாள். எடுத்தார்.

"எங்க இருக்கீங்க? பின்னால பச்சைச் சுவரு தெரியுது."

"பயனியர் ஹோட்டல்ல."

"மழையில அங்க யாரப் பாக்கப் போனீங்க?"

"யாரையும் பாக்க வரல. ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்."

அவள் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. "வீட்டுக்கு என்ன ஆச்சு? கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வீட்லயும் யாரும் இல்ல. அதனாலதான் வந்தேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண்டி நொடித்துப்போக இருந்த வருஷத்தில்கூட "பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். அவள் அசையாமல் இருந்தாள். சிக்னல் நின்றுவிட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாதியில கிளம்பி வந்துடுவ. புள்ள பெத்தவளுக்கு அங்க யாரு இருக்கா?"

அவள் மறுக்கவில்லை. "சரி, ரூமக் காட்டுங்க" என்றாள்.

போனைத் திருப்பி உத்தரங்களைக் காட்டினார், கட்டிலைக் காட்டினார், பால்கனிக் கதவைத் திறந்து தெருவைக் காட்டினார்.

"இது வழியா எத்தனை தடவை போயிருப்போம்? உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

"நீ வா. வந்ததும் கூட்டிட்டு வாரேன்."

"நான் வந்தா, அப்ப ஏதாவது வேலை இருக்குதும்பீங்க" என்றாள். அதற்குள் அங்கே அஸ்பியாவின் கைக்குழந்தை அழுதது. தொடர்பு அறுந்தது.

அவர் பால்கனியிலேயே நின்றார். கீழே செருப்பைக் கையில் பிடித்தபடி ஆட்கள் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

மறுநாள் காலை, அவள் வழக்கமாகக் கூப்பிடாத நேரத்தில் போன் வந்தது. திரையில் அவள் முகம் இல்லை. ஒரு சமையல் மேடையும் அவள் கையும் மட்டும் தெரிந்தன.

"பேசவெல்லாம் நேரமில்ல. போனக் கட் பண்ணாம அப்படியே வெச்சிருங்க."

போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். வெங்காயம் நறுக்கும் சத்தம் அறைக்குள் கேட்டது.

அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பினார். காலையில் அவள் அங்கே சமைப்பாள். இவர் இங்கே போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் பேப்பர் படிப்பார். குக்கர் விசில் அடிக்கும். யாரையோ அவள் அதட்டுவாள். சில நாள் குழந்தை அழுது பாதியிலேயே போன் கட்டாகிவிடும். அப்போது வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று அவர் எழுந்துபோய் ஃபேனைப் போட்டுக்கொள்வார்.