நோலீன் நெருப்பாக நடந்து வந்த ஞாயிற்றுக்கிழமை

மெர்வின் டக்கெட்டுக்கு அறுபத்தைந்து வயது. எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பெருந்தீயில் அவரும் அவருடைய அப்பாவும் ஈரச் சாக்கை வைத்துக்கொண்டே வீட்டைக் காப்பாற்றினார்கள் என்பது ஆஸ்திரேலியாவின் அந்த ஓட்வே மலைப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு மெர்வினே சொல்லிவிடுவார். அதனால் நவம்பரில் ஒருநாள் தீயணைப்புப் படையின் கூட்டத்துக்குப் போய்வந்த அவர் மனைவி நோலீன், "இந்தத் தடவை கோடை மோசமா இருக்குமாம். அபாய நாள்னு அறிவிச்சா விடிஞ்சதுமே கிளம்பிடணுமாம்" என்றபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கிளம்பி எங்க போறது?"

"கோலாக் டவுனுக்குத்தான். லொரெய்ன் வீட்டுக்கு."

லொரெய்ன் நோலீனின் அக்கா. அவர் வீட்டு சோபாவுக்கு வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் அங்கே பீர் கிடையாது.

"நெருப்பே தேவலை" என்றார் மெர்வின்.

நோலீன் சண்டைக்குப் போகவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். "சரி. நின்னு காப்பாத்துறதுன்னா எப்படின்னு ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. வீட்டைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டினார்கள். கூரையோரத்துத் தகரக் கால்வாயிலிருந்து நோலீன் பதினொரு வாளி சருகு அள்ளினார். வராந்தாவை ஒட்டி அடுக்கியிருந்த விறகை மெர்வின் கொட்டகைக்குப் பின்னால் மாற்றினார். மாற்றிவிட்டு, இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று புதிதாகக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார். நோலீன் அதை எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை. நோலீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேற்கு வேலிக்குப் போய் நின்றார்.

"நான்தான் நெருப்பு! இங்கேருந்து வீட்டுக்கு நடந்து வருவேன். அதுக்குள்ள பம்பை ஓட்டி, கூரையை நனைச்சு, நாயைப் பிடிச்சு உள்ள விட்டுடணும்."

"நெருப்பு நடக்குமா?"

"ஓடும். உனக்காக நடக்கிறேன்."

மெர்வின் பம்பின் கயிற்றை இழுத்தார். ஒன்பதாவது இழுப்பில் அதற்குள்ளிருந்து குளவிகள் வந்தன. "குட்டைகிட்ட வந்துட்டேன்!" என்று நோலீன் கத்தினார். குளவிக்குக் கையை வீசிக்கொண்டே மெர்வின் மறுபடி இழுக்க, பம்பு ஓடத் தொடங்கியது. ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு ஓடினார். அது வீட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே தீர்ந்துவிட்டது. அங்கிருந்தே பீய்ச்சியதில் ஜன்னல் நனைந்தது. கூரை நனையவில்லை. பைப்பைக் கீழே போட்டுவிட்டு வாளியோடு ஏணியில் ஏறினார். நான்காவது படியில் முட்டி மடங்க மறுத்தது. டஸ்டி என்ற அந்த நாயோ, நெருப்பைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடிப்போய் அதன் கையை நக்கியது.

நோலீன் அவசரமில்லாமல் வராந்தாவில் ஏறி நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொரு நிமிஷம். வீடு போச்சு."

"நான்?" ஏணியிலிருந்து மெர்வின் கேட்டார்.

"நீ ரெண்டு நிமிஷம் முன்னாடியே போயிட்டே."

"டஸ்டி?"

"அது கட்சி மாறிடுச்சு."

அவர் இறங்குவதற்கு நோலீன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். மெர்வின் வீங்கிய கையைக் கோப்பையில் ஒத்திக்கொண்டு மேற்கு வேலியைப் பார்த்தார்.

"அந்த எண்பத்து மூணு..." என்றார். "நாங்க ஒண்ணும் காப்பாத்தலை."

நோலீன் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சாக்கு, தண்ணி எல்லாம் அஞ்சு நிமிஷத்துக்குத்தான். அப்புறம் சத்தம் வந்துச்சு. ரயில் மாதிரி. அப்பா என்னை இழுத்துட்டுப்போய்க் குளியல் தொட்டிக்குள்ள தள்ளி, போர்வையை நனைச்சு மேல போட்டு, அவரும் படுத்துக்கிட்டார். அழுதுக்கிட்டே இருந்தார். நானும்தான். வெளிய வந்து பார்த்தா காத்து திரும்பியிருந்துச்சு. அவ்வளவுதான். வெளிய யார்கிட்டயும் சொல்லாதேடான்னார்."

"நாற்பது வருஷமா எங்கிட்டயும் சொல்லலியே."

"வெளியன்னா நீயும்னு நினைச்சுட்டேன்."

நோலீன் அவர் கையை எடுத்து, குளவி கொட்டிய இடத்தில் ஐஸ் பையை வைத்துக் கொஞ்சம் அழுத்தியே பிடித்தார். பிறகு ஒரு காகிதத்தில் 'கிளம்புவது' என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். மெர்வின் அதன் கீழே 'காலை ஏழு மணி' என்று எழுதினார்.

அந்தக் கோடையில் மூன்று முறை கிளம்பினார்கள். பத்திரங்கள், மாத்திரைகள், போட்டோப் பெட்டி, நாய். மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை. மெர்வின் பிளாஸ்டிக் உறைமேல் உட்கார்ந்து டென்னிஸ் பார்த்தார். எழுந்தால் தொடையும் உறையும் பிரியும் சத்தம் கேட்டது. ஊரில் ஒருவர், "என்ன மெர்வின், மச்சினி வீடு பழகிப்போச்சா?" என்றார். "சாப்பாடு நல்லா இருக்கு" என்றார் மெர்வின். அது பொய்.

நான்காவது முறை பிப்ரவரி. நாற்பத்து நாலு டிகிரி. மத்தியானம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மேற்கே வானம் செங்கல் நிறமாயிற்று. லொரெய்ன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அதில் மெர்வின் வீடு இருந்த சாலையின் பெயரைச் சொன்னார்கள். மெர்வின் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார். நோலீன் மேஜைக்கடியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அன்று லொரெய்ன் யாரும் கேட்காமலேயே இரண்டு மணிக்குப் பீரைத் திறந்துகொடுத்தார்.

ஆறு நாள் கழித்துத்தான் சாலையைத் திறந்தார்கள். வீடு இல்லை. புகைபோக்கி மட்டும் நின்றது. கூரைத் தகடு சுருண்டு தரையில் கிடந்தது. புல்லை ஒட்ட வெட்டியதும் பதினொரு வாளி சருகு அள்ளியதும் அந்த நெருப்புக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. நோலீன் காரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மெர்வின் பக்கத்தில் போய் நின்றார். அவருக்கும் கண் நிறைந்தது, அவர் துடைக்கவில்லை.

பிறகு நோலீன் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். தெற்கே சரிவு முழுக்க மரங்கள் எரிந்து வெறும் கழிகளாக நின்றன. அவற்றுக்கு நடுவே, வெகுதூரத்தில், நீலமாக ஒரு கோடு.

"மெர்வ், அங்க பாரு. கடல் தெரியுது."

மெர்வின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கவுன்சில்காரன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. மனை வரியை ஏத்திடுவான்."