அசையாத மத்தியானம்

மின்சாரம் போனதும் கீழ்த்தளத் தையல்கூடத்தின் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஓய்ந்தன. ஜன்னல் இல்லாத கூடம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. யாரோ கத்தரிக்கோலைக் கீழே போட்டார்கள். "அடியே, அது என் கை, துணி இல்ல!" என்று ஒரு குரல் எழ, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மெஷின் நின்ற அதே நொடியில் அவள் வயிற்றுக்குள்ளும் ஏதோ நின்றுபோயிருந்தது.

அவளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. கால் பெடலுக்கு எட்ட வேண்டுமானால் வயிற்றை மெஷின் பலகையோடு ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. வீங்கிய பாதங்கள் செருப்புக்குள் நுழைய மறுத்தன. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. மணிக்கொரு தரம் அவள் பாத்ரூமுக்கு எழுந்து போவதைப் பார்த்து, பக்கத்தில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கும் அக்கா, "மெஷினை அங்கேயே போட்டுத் தரச் சொல்லட்டுமா?" என்று கேலி செய்வாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். காலையிலிருந்து குழந்தை துள்ளிக்கொண்டே இருக்கிறது என்று உள்ளூரப் பூரித்துப்போயிருந்தாள். கணவன் போனில் விசாரித்தபோதுகூட, "இன்னிக்கு ஓயவே மாட்டேங்குது. அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கு" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அது அடங்கியிருந்ததை, தன்னோடு சேர்ந்து களைப்பாறுகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

துள்ளியது குழந்தை அல்ல, பலகையின் அதிர்வு என்பது இருட்டில்தான் உறைத்தது.

வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தாள். "கண்ணு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுவது போலிருந்தது.

"அக்கா..."

"என்னடி, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"புள்ள அசையலக்கா. காலையிலேருந்தே அசையல போல. மெஷின் ஆடினதை நான்..."

அக்கா எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. "ஒண்ணும் ஆகாது. உன் பையை எடுத்துட்டு வரேன், நகராம இரு."

அடுத்த நிமிஷமே ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரத்துணி போலச் சில்லென்றிருந்தது. "வாம்மா, மெதுவா" என்றது குரல். நூல்பெட்டிகளையும் துணிமூட்டைகளையும் ஒதுக்கி, ஓரிடத்திலும் இடறாமல், அந்தக் கை அவளை நடத்திச் சென்றது. "படி இருக்கு." ஏறினாள். மூச்சு வாங்கியபோது கையும் நின்று காத்திருந்தது. படி திரும்பும் இடத்தில் மேலிருந்து வெயில் விழுந்ததும் பிடி நழுவியது. திரும்பிப் பார்த்தாள். வெறும் படிகள். வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தாள். "நகராதேன்னு சொன்னேன்ல? இருட்டுல எப்படி தனியா வந்தே?"

"நீதானே கூட்டிட்டு வந்தே?"

"நான் உன் பையைத்தானே துழாவிக்கிட்டிருந்தேன்!"

இருவரும் கீழே பார்த்தார்கள். கூடத்தில் இப்போது பேச்சுச் சத்தமே இல்லை. அவள் நீட்டிக் காட்டிய மணிக்கட்டை அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் துடைத்தாள். "யாரா இருந்தா என்ன. கடவுள் ஆளை அனுப்புவார். அடையாளம் காட்டிட்டா இருப்பார்? நீ நட."

வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். யாராவது இருக்கையை விட்டு எழுந்தாலே வெடிப்பவர் என்பதால் அவருக்குக் கடுகு என்று பெயர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் கடுகு வெடிக்கவில்லை. துணி ஏற்றும் வேனின் முன்சீட்டிலிருந்த கட்டுகளை அவரே தூக்கிப் பின்னால் எறிந்தார். "ஏறும்மா. எல்லாம் நல்லபடியா இருக்கும்." ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தவழவிட்டு ஓட்டினார். வழி முழுக்க அவர் உதடுகள் அசைந்தபடியே இருந்தன. எந்தச் சாமியைக் கூப்பிடுகிறார் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கடவுளையும் தன் கடவுளோடு சேர்த்து நினைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்ததும் டப், டப் என்று நிதானமாக ஓர் ஒலி. அக்கா கைகூப்பினாள்.

"இது அம்மாவோடது" என்றாள் நர்ஸ்.

கருவி நகர்ந்தது. இரைச்சல். மறுபடி நகர்ந்தது. சுவருக்குள் தண்ணீர் ஓடுவது போல ஏதோ கேட்டு மறைந்தது. பிறகு எங்கோ வெகு ஆழத்தில், யாரோ குட்டிக் காலடி வைத்து ஓடி வருவது போல ஒரு துடிப்பு.

"இதோ இருக்காரு துரை."

அவளுக்கு அழக்கூட வரவில்லை. "கடைசி மாசத்துல அசைவு குறையும்னு சொன்னாங்க சிஸ்டர்..."

"இடம்தான் குறையும்மா, அசைவு குறையக் கூடாது. சந்தேகம்னா உடனே வந்துடணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. வந்தியே, அதுவே நல்லது. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் டாக்டர் சொல்லுவாங்க." துடிப்பைப் பதிவு செய்யும் பட்டையை வயிற்றில் கட்டிவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அக்கா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றின் ஒரு பக்கம் மெல்ல மேடிட்டது. திரைக்குப் பின்னால் நடக்கும் ஆள் போல அந்த மேடு தோலுக்கு அடியில் நகர்ந்து வந்தது. வழியில் விரலை வைத்தாள். விரலுக்கு நேர் எதிரே வந்து அது நின்றது. தோலுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அதுவும், எதிரே இருப்பது யார் என்று தெரியாமல், அசையாது காத்திருந்தார்கள்.