டீக்குத் தூக்கிய கை

விடிவதற்குள் இரண்டு லாரித் தக்காளியைக் கொட்டியாகிவிட்டது. கொட்டகைக்குள் பெண்கள் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காய் ஒரு பெட்டி, பழம் ஒரு பெட்டி, அடிபட்டது தனிக்கூடை. சாறு பட்டு விரலிடுக்கெல்லாம் எரிந்தது. பெரியக்காவுக்கு அதைவிட வயிறு எரிந்தது.

அடிபட்ட கூடை என்றைக்கும் வேலையாட்களுக்குத்தான். அதை வைத்துத்தான் குடியிருப்பில் பொதுச் சமையல் நடந்தது. வெள்ளம் சாலையை அடித்துக்கொண்டு போய் ஊரே பட்டினி கிடந்தபோதும் அந்த அடுப்பு அணையவில்லை. முதலாளி வீட்டுக்கே அங்கிருந்துதான் சாப்பாடு போனது. இப்போது கூடையைச் சாஸ் கம்பெனிக்கு விற்கப் போகிறாராம்.

நியாயம் கேட்கப் போனவளிடம் முதலாளி கைப்பேசியை நீட்டினார். "உங்களைக் கேட்டுத்தானே முடிவு பண்ணோம்? பாரு, கூட்டத்துல அத்தனை பேரும் கை தூக்கியிருக்கீங்க."

படத்தில் அவள் கைதான் எல்லோருக்கும் மேலே நின்றது.

"ஐயா, அது யாருக்கு டீ வேணும்னு மேஸ்திரி கேட்டப்போ தூக்கினது!"

"கூட்டத்துல தூக்கினா சம்மதம்தான்."

"அடுத்த வெள்ளம் வந்தா ஊருக்குச் சோறு எப்படின்னு கூட்டத்துக்கு மேல கூட்டம் போட்டுக் கேட்டீங்க. பொது அடுப்பை விட்டுடாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினோம். அதெல்லாம் எங்க போச்சு?"

"அதான் டீ குடுத்தோமே."

செவிடன் காதில் சங்கு ஊதியதுகூடப் பரவாயில்லை. ஊதச் சொன்னவனே செவிடனாக நடித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். தக்காளியைத் தொடவில்லை. "நல்லது கெட்டதை அவரே பிரிச்சுக்கட்டும். கூடை நமக்குன்னு சொல்ற வரைக்கும் நான் தொட மாட்டேன்."

"கூலி போயிடுமே, அண்ணி?" என்றாள் பக்கத்திலிருந்த நாத்தனார்.

"போகும்தான்."

நாத்தனார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அடுத்தவள் துடைத்தாள். வரிசை முழுக்க வேலை நின்றது.

மேஸ்திரி ஓடிவந்தார். "வெயில் ஏறினா அத்தனையும் அழுகிடும்! லாரி வேற காத்துக்கிட்டிருக்கு!"

"அதுக்குள்ள ஐயாவைப் பேச வரச் சொல்லுங்க" என்றாள் பெரியக்கா.

மேஸ்திரி வாசலில் நின்ற சுமைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "நீங்களாவது பிரிச்சு ஏத்துங்கடா!"

அவர்களில் மூத்தவர் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தார். "வெள்ளத்துல என் புள்ளைங்க தின்னதும் அந்த அடுப்புச் சோறுதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

கொட்டகைக்குள் உட்கார இடமில்லை. பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.