றொய்ஸ்டன் என்னும் ஊரும் பேரும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து அப்பார்ட்மென்ட் யோகராணி அக்காவையும் அவருடைய மகள் அட்சயாவையும் நாங்கள் இருக்கும் வோபர்னிலிருந்து நகரத்தின் மறுகோடியில் உள்ள பார்க்டேல்வரை காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, கதையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இங்கிலாந்தின் தெற்கே, இரண்டு பழைய வீதிகள் சந்திக்கும் இடத்தில், பனி படர்ந்த ஒரு மாலையில்..."

அந்தப் பனியை நான் கண்டதில்லை. விட்டுவிட்டேன்.

2

திருகோணமலையில் ஒரு தகப்பன், பேப்பரில் எங்கோ கண்ட பெயர் பிடித்துப்போய், தன் மகனுக்கு றொய்ஸ்டன் என்று வைத்தார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்தால், ஐயர் ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் அதைச் சொல்வாராம். (இது அக்கா சொன்னது. ஐயரை நான் கூட்டிச் சேர்க்கவில்லை.)

கனடாவுக்கு வந்ததும், நம்மில் பலருக்கும் நடப்பதுபோல, கணவனின் பெயர் மனைவிக்கும் மகளுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. யோகராணி றொய்ஸ்டன். அட்சயா றொய்ஸ்டன். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே றொய்ஸ்டன் வேறொருத்தியோடு அதே நகரத்தின் இன்னொரு மூலையான ரெக்ஸ்டேலுக்குப் போய்விட்டார். பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

அவரைக் கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். "ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் மகளுக்கு..."

இல்லை. ஒரு வாழ்த்துக்கூட வரவில்லை.

3

இப்போது அட்சயா நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர் போகவே கூடாது, தன் அம்மா யோகராணியின் பெயரைத்தான் குடும்பப் பெயராகப் பதிய வேண்டும் என்று நின்றாள். (கணவன் சுலக்சனின் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். அவனுடைய தகப்பனின் நீளமான பெயர் எந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் அடங்கியதில்லை. பிள்ளையாவது தப்பட்டும் என்றுவிட்டான்.)

அக்கா ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அம்மா இன்னும் அந்த மனுசன் வருவார் என்று இருக்கிறாரோ? அந்தச் சந்தேகம் அட்சயாவை அரித்தது. கேட்கவும் பயந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஓர் ஈமெயில் வந்தது. றொய்ஸ்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் பார்க்டேலில் கூடுகிறார்கள், உறவினரே வருக என்று. அட்சயா சிரித்துவிட்டு அதை அழிக்கப் போனாள்.

"போவம்," என்றார் அக்கா.

4

மண்டபத்தில் இருந்த றொய்ஸ்டன்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். கூட்டத்தை நடத்திய பேனாட் றொய்ஸ்டன் என்ற முதியவர், எங்களைச் சாப்பாடு கொண்டுவந்த ஆட்கள் என்று நினைத்துக் குசினியைக் காட்டினார். அக்கா கைப்பையைத் திறந்து தன் பெயர் போட்ட லைசென்ஸை நீட்டினார். பேனாட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டார்.

பிறகு பெயரின் பூர்வீகத்தை விளக்கினார். அந்தக் காலத்தில் ஓர் ஊரை விட்டுப் போனவனை, அவன் விட்டுவந்த ஊரின் பெயராலேயே அழைத்தார்கள். அது அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் றொய்ஸ்டன் என்று இரண்டு ஊர்கள். வடக்கே இருப்பது ஓர் ஆணின் பெயரால் வந்தது என்கிறார்கள். தெற்கே இருப்பது, றொயீசியா என்ற பெண் சந்தியில் நட்ட சிலுவையைச் சுற்றி எழும்பியதாம். அவள் யாரென்று எவருக்கும் சரியாகத் தெரியாது.

(இந்த இடத்தில் நான் ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். உங்கள் நல்ல காலம், வெட்டிவிட்டேன்.)

நீங்கள் எந்த ஊர் றொய்ஸ்டன் என்று பேனாட் மரியாதைக்குக் கேட்டார். அட்சயா திருகோணமலை என்று வாயெடுக்க முன், அக்கா அவளுடைய கையைப் பிடித்தார்.

"அந்தப் பொம்பிளையின்ர ஊர் எண்டு சொல்லு."

5

திரும்பும் வழியில், காரின் பின்சீற்றில் தாய்க்குப் பக்கத்தில் இருந்த அட்சயா ஒருவழியாகக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் இன்னும் அவரைப் பாத்துக்கொண்டோ இருக்கிறியள்?"

நான் றேடியோவைக் குறைத்தேன். எழுத்தாளர்கள் இப்படித்தான்.

எழுதும்போது அக்காவை இங்கே அழவைக்கப் பார்த்தேன். "அவருடைய கண்களின் ஓரத்தில்..." அவர் அழவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

"ஆரை, அந்தாளையோ? அந்தாள் உந்தப் பேரைச் சும்மா வைச்சிருந்தது, பிள்ளை. பாவிச்சது நான். உந்தப் பேரிலதான் ஃபக்ரரியில வேலை எடுத்தனான். உந்தப் பேரிலதான் உன்னைப் பள்ளிக்கூடத்தில சேர்த்தனான். உது இப்ப என்ர பேர்."

"அப்ப ஏன் அம்மா, இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

வோபர்ன் வந்து சேரும்வரை அட்சயா தாயின் தோளில் சாய்ந்திருந்தாள்.

6

முடிவுகள் பல செய்து பார்த்தேன். ஒன்றில் றொய்ஸ்டன் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவரை லிஃப்ற்றில் ஏற்றி அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பார்.

நடந்தது இதுதான். பெண் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போன எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, பிறப்பைப் பதிய அட்சயா லப்ரொப்பைத் திறந்தாள். குடும்பப் பெயர் கேட்கும் இடம் வந்ததும் அதைத் தாயின் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே போடுங்கோ அம்மா. ரெண்டும் உங்கட பேர்தானே."

அக்கா ஒற்றை விரலால் ரைப் பண்ணுகிறவர். றொய்ஸ்டனுக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்து ஆர். யோகராணிக்கு வை. கீபோர்ட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரேயோர் எழுத்துத்தான். அக்காவின் விரல் அந்த நடு எழுத்துக்கு மேலே நிற்கிறது. பிள்ளை சிணுங்குகிறது. அக்கா பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விரலை ஒரு பக்கம் நகர்த்தி இறக்குகிறார்.

நான்தான் திரையை மறைத்துக்கொண்டு நிற்கிறேன், இல்லையா? இதோ, விலகுகிறேன். பாருங்கள்.