ட்ரென்ட் சொன்ன விலை

சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நான் என் வீட்டில் இருக்கக் கூடாது. வீட்டுக்காரி உள்ளே இருந்தால், வீடு வாங்கப் பார்க்க வருகிறவர்கள் அலமாரியைத் திறக்கக் கூச்சப்படுவார்கள் என்று தரகன் ட்ரென்ட் சொல்லியிருந்தான். அதனால் வாரா வாரம் படுக்கையை இழுத்து விரித்து, குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு எங்கள் புறநகரான பால்டிவிஸின் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் வாகன நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். ரேடியோ போடுவதில்லை. புத்தகமும் கிடையாது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கேயோ ஓட்டிக்கொண்டு போகிறவளைப் போல உட்கார்ந்திருப்பேன். அப்படிப் பதினாறு சனிக்கிழமைகள் போயின.

என் கணவன் கெவ் வடக்கே இரும்புச் சுரங்கத்தில் ஒன்பது வருடம் லாரி ஓட்டினான். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்தார்கள். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, சிட்னியில் சுரங்கப்பாதை தோண்டும் வேலை கிடைத்துப் போனான். வீடு விற்றதும் நான் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதென்று ஏற்பாடு. எங்கள் தெருவிலேயே ஐந்து வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை நின்றது. ஒரு வீட்டில் பலகையைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது.

இந்த வீட்டை எங்களுக்கு விற்றதும் ட்ரென்ட்தான். அது இரண்டாயிரத்துப் பதின்மூன்று. பெர்த் முழுவதும் வீடு கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்ற வருடம். அன்றைக்கு அவன் சமையலறை மேடையைத் தட்டி, இந்தப் பக்கம் விலை இறங்கியதாகச் சரித்திரமே இல்லை என்றான். ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் டாலர் கொடுத்தோம். நான்கு வருடம் கழித்து அதே மேடையின் மேல் காகிதங்களை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குப் போகும் என்றான். விற்கும் பொறுப்பை அவனிடமே எழுதிக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் சந்தை நகர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தான். அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன். பார்க்க வந்தவர்கள் இன்ன இன்ன சொன்னார்கள், சமையலறை பழசாம், கொல்லைப்புறம் சிறியதாம், எல்லோரும் கடைசியில் சொல்வது விலை அதிகம் என்பதுதான். நாங்களும் இறக்கி இறக்கி நாலு அறுபதில் நின்றோம். இதற்கிடையே எங்கள் தபால் பெட்டியிலேயே அவன் அலுவலகத்தின் விளம்பரச் சீட்டு விழும். ஒரு வாரம் வீடு வாங்க இதைவிட நல்ல நேரமில்லை என்றிருக்கும், மறு வாரம் விற்க.

அவன் பொய் சொல்கிறான் என்று நினைப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. அதில் ஒரு சௌகரியம்கூட இருந்தது. மற்ற எதிலும் எனக்கு ஒன்றும் தோன்றாமல் போய்விட்டிருந்தது. சாப்பிட்டால் சாப்பிட்டது தெரியாது. கெவ் போன் செய்துவிட்டு வைத்தால், என்ன பேசினோம் என்று யோசித்துத்தான் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ட்ரென்ட்டைச் சந்தேகப்படும்போது மட்டும் கொஞ்சம் விழித்திருப்பதுபோல் இருந்தது.

ஜனீனை அனுப்பிப் பார்ப்பது என் யோசனை. ஜனீனும் நானும் பள்ளிக்கூடக் கேண்டீனில் ஒன்றாக வேலை பார்க்கிறோம். ட்ரென்ட்டுக்கு அவளைத் தெரியாது. வீடு வாங்க வந்தவள்போல் சனிக்கிழமை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலை நியாயமான விலைதான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அவன் என்னிடம் என்ன சொல்கிறான் என்று பார்க்கலாம். இந்த ஊரில் வீடு விற்கிற எல்லோரும் இப்படி யாரையாவது அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஜனீன் அப்போது கேண்டீன் படியில் வழுக்கி விழுந்து இடது கையில் கட்டுப் போட்டிருந்தாள். சனிக்கிழமை வீட்டைப் பார்த்துவிட்டு நேராக வாகன நிறுத்தத்துக்கு வந்து என் காரில் ஏறிக்கொண்டாள்.

"சொன்னேன்டி. 'விலை கரெக்டா இருக்கு தம்பி, கையில காசு இருந்தா நாளைக்கே எடுத்துப்பேன்'னு சொன்னேன்," என்றாள். "அவன் போட்டிருக்கிற சென்ட்டு இருக்கே, உன் வீட்டுல இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கும்."

திங்கட்கிழமை ட்ரென்ட் போன் செய்தான். ஆறு பேர் வந்தார்களாம். அதில் ஒருத்தரைத் தனியாகக் குறிப்பிட்டான்.

"கையில கட்டுப் போட்ட ஒரு அம்மா வந்தாங்க, மார்னி. நல்ல விவரமானவங்க. நாப்பதாயிரம் அதிகம்னு பட்டுனு சொல்லிட்டாங்க. அடுத்த தெருவுல இதைவிடப் பெரிய வீடு இதைவிடக் கம்மிக்குக் கிடைக்குதுன்னாங்க."

நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கணக்குப் போட்டு விடை சரியாக வந்தால் எப்படி இருக்குமோ அப்படி மட்டும் இருந்தது.

அந்த வாரமே புதன்கிழமை வாங்குகிறோம் என்று ஒரு விலை எழுத்தில் வந்தது. மருத்துவமனையில் வேலை பார்க்கிற இளம் தம்பதி. நாலு லட்சத்து இருபதாயிரம். வங்கிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது, ஆனால் பாக்கியும் இருக்காது. நான் விமானம் ஏறிவிடலாம். ட்ரென்ட் அன்றைக்குக் காகிதத்தோடு நேரிலேயே வந்துவிட்டான். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொன்று வராது என்றான். வெள்ளிக்கிழமை மாலைவரை நேரம் இருந்தது. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் கெவ்வும் கையெழுத்துப் போட வேண்டும்.

கெவ் போட்டுவிடலாம் என்றான். உடனே சொன்னான், யோசிக்கக்கூட இல்லை. அங்கே அவன் நான்கு பேரோடு ஒரு வீட்டில் இருந்தான், பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் ஜனீனைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை போனைப் பற்றிச் சொன்னேன். நம்மைக் கீழே இறக்குவதற்கென்றே அவன் அடுத்தவர் வாயில் வார்த்தையைப் போடுகிறான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் நாலு நாற்பதுக்காவது ஆள் வரும் என்றேன். நீளமாகப் பேசினேன். பல மாதங்களில் அவனிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"அப்படியா பண்றான் அந்தப் பய," என்றான் கெவ். அப்புறம், "நீ அங்க இருக்க. உனக்குத்தான் தெரியும்," என்றான்.

வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அந்தத் தம்பதி இரண்டே வாரத்தில் அடுத்த தெருவில் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. சனிக்கிழமைகளில் ட்ரென்ட் வாசலில் தனியாக நின்றுவிட்டுப் போனான். குளிர்காலம் ஆரம்பித்து, வாகன நிறுத்தத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் போனதும் ஒரு நாள் காலை, கேண்டீனில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் ஜனீனிடம் சொன்னேன். நாலு இருபதுக்கு ஒரு தம்பதி கேட்டார்கள், உன்னால்தான் தப்பித்தோம், இல்லாவிட்டால் அந்த ட்ரென்ட்டை நம்பிக் கொடுத்துத் தொலைத்திருப்போம் என்றேன். அவளைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னேன்.

ஜனீன் கத்தியைக் கீழே வைத்தாள். கையில் கட்டு அவிழ்த்தாகிவிட்டது, அந்த இடம் மட்டும் வெளுத்து மெலிந்திருந்தது.

"நீ விலை வந்ததைச் சொல்லவே இல்லையேடி," என்றாள்.

"சொல்லலையா?"

"சொல்லல." அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். வரிசையில் இன்னும் பிள்ளைகள் யாரும் நிற்கவில்லை. "மார்னி, நான் அவன்கிட்ட அப்படிச் சொல்லல. அவன் என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டான். நானும் ஒரு காலத்துல வீடு வித்தவதானே, வாயில பொய் வரல. நாப்பதாயிரம் அதிகம்னு சொல்லிட்டேன்."

"அடுத்த தெரு?"

"அதுவும் நான்தான். காருக்கு வந்தா நீ அப்படி உட்காந்திருந்த. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? ரெண்டு நல்ல வார்த்தைதானே, அதனால என்ன வந்துடப் போகுதுன்னு நினைச்சேன்."

நான் அடுத்த ரொட்டியை எடுத்துத் தடவினேன். பரவாயில்லை என்றேன். அவள் அழ ஆரம்பித்ததால் அதையே இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டரை வரை இறைச்சி ரோல் விற்றோம்.

ட்ரென்ட் நான்கு வருடத்துக்கு முன்னால் சொன்னது தப்பு. எங்களிடம் பொறுப்பை எழுதி வாங்குவதற்காகச் சொன்ன விலை பொய். அந்தத் திங்கட்கிழமை சொன்னது மட்டும் ஒரு வார்த்தை பிசகாத உண்மை. நான் அதைத்தான் பொய் என்று பிடித்தேன். முன்பு அவன் பொய் சொன்னபோது ஜனீனை அனுப்பியிருந்தால் அகப்பட்டிருப்பான். அப்போதெல்லாம் அவனைப் பரீட்சை செய்ய எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று அன்று பிற்பகல் முழுவதும், தட்டுகளைக் கழுவும்போதும் வீட்டுக்கு ஓட்டிப் போகும்போதும், மெதுவாக யோசித்தேன்.

மறுநாள் அவன் அலுவலகத்துக்குப் போனேன். முன்னால் இருந்த மூன்று மேசைகள் காலி. முன்பு அங்கே பெண்கள் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருப்பார்கள். அவனே எழுந்து போய் எனக்குக் காப்பி கலந்து வந்தான். இப்போது என்ன விலை போடலாம் என்று கேட்டேன்.

"மூணு எண்பத்தஞ்சு. அதுக்கும் ஆள் வருவாங்களான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"வசந்த காலம்வரைக்கும் வச்சிருந்தா?"

அவன் பேனாவை மூடித் திறந்தான். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவனிடம் விலை ஏறுவதைக் காட்டும் ஒரு வரைபடம் இருக்கும்.

"எனக்குத் தெரியல, மார்னி. என் சொந்த வீட்டையே பிப்ரவரிலேர்ந்து போட்டிருக்கேன்."

கையெழுத்துப் போட்டேன். அனுப்பிய காகிதங்களில் கெவ்வும் கேள்வி கேட்காமல் போட்டு அனுப்பினான். ஐந்து வாரத்தில் மூன்று எண்பத்தைந்துக்கே விற்றது, பேரம்கூடப் பேசவில்லை. வங்கிக்குக் கொடுத்தது போக முப்பத்தைந்தாயிரம் பாக்கி நின்றது. நான் இங்கே வேலையை விட முடியாது. கெவ்வின் சம்பளத்தில் சிட்னியில் இரண்டு பேருக்கு வீடு எடுக்கவும் முடியாது. ஜனீன் தன் வீட்டுப் பின்னறையில் வந்து இரு, வாடகை வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். வாடகை வாங்கினால்தான் வருவேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கெவ்வுக்குப் போன் செய்து பாக்கிக் கணக்கு முழுவதையும் சொன்னேன். ஜனீன் சொன்னதையும் சொன்னேன். அவன் இப்போது திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது, தோன்றியதே தவிர அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"அப்ப நீ இங்க வர்றது?" என்று கேட்டான்.

"ரெண்டு வருஷம் ஆகும். கடன் முடியட்டும்."

"சரி," என்றான். "சரி, அப்படியே பண்ணலாம்."

அவன் குரல் தளரும் என்று நினைத்திருந்தேன். மாறாக அதில் ஏதோ ஒன்று இறங்கி இலேசானது. கனமான பெட்டியைக் கீழே வைத்தவன் மூச்சு விடுவதுபோல. பத்தொன்பது வருடமாக அந்தக் குரலைக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா. என் குரலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை, நல்ல வெயில் என்றான். அப்புறம் அங்கே கூட இருக்கிறவர்களில் ஒருத்தன் சமைக்கிற மீனைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம்.